சக்கரத்தடியில் ஒரு கல்

எங்கள் ஊரில் வேன் நிறுத்துவதற்கென்று ஒரு முறை இருக்கிறது. டிரைவர் இறங்குவார். சுற்றும் முற்றும் பார்ப்பார். ஓரமாகக் கிடக்கும் ஒரு கல்லைத் தூக்கி வந்து பின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுப்பார். காலால் இரண்டு தட்டு தட்டி, கையை உதறிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவார். திரும்பி வந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவார். கல் அங்கேயே, ரோட்டிலேயே கிடக்கும்.

இன்றைக்கு எழுதப்போவது அந்தக் கல்லைப் பற்றித்தான். கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இதைப் படிக்கும் நண்பர்கள் சிலர் வண்டியிலும் இப்படி ஒரு கல் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். நான்கு வருஷம் என் வண்டியிலும் இருந்தது.

என்னுடையது 2003-ஆம் வருஷத்து மாருதி ஆம்னி. நடக்க முடியாமல் போன அம்மாவை வேலூருக்கு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதற்காக வங்கியில் கடன் போட்டு வாங்கினேன். 1984-இல் மாருதி வேன் என்ற பெயரில் வந்து, பிறகு ஆம்னி என்று பெயர் மாறி, 2019-இல் உற்பத்தியே நின்றுபோன வண்டி. 796 சிசி எஞ்சின், அதுவும் நம் சீட்டுக்கு அடியில். வெயில் காலத்தில் உட்கார்ந்தால் இட்லிப் பானைமேல் உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஆனால் பக்கக் கதவைத் தள்ளித் திறந்தால் வயதானவர்கள் சிரமம் இல்லாமல் ஏறிக்கொள்ளலாம். அம்மா போய்ப் பல வருஷம் ஆயிற்று. வண்டியை விற்க மனம் வரவில்லை. இப்போது ஏறி இறங்கச் சிரமப்படும் வயதானவர்கள் நாங்களே.

அதன் ஹேண்ட் பிரேக் ஒரே நாளில் கெடவில்லை. வாங்கிய புதிதில் லீவரை இழுத்தால் ஐந்தாறு 'டிக்' சத்தத்துக்குள் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். பிறகு ஏழு, எட்டு, பத்து என்று ஏறியது. கடைசியில் லீவர் நட்டுக்கு நிற்கும், வண்டி மட்டும் நிற்காது. நானும் எல்லோரையும் போல கியரில் போட்டு நிறுத்தப் பழகிவிட்டேன். நம் ஊர் மலையடிவாரத்தில் இருக்கிறது. பேய்க்கோபுரத்தின் பக்கம் போகப் போகத் தரை ஏறுகிறது. அங்கே கியரை மட்டும் நம்ப பயமாக இருந்ததால் வீடு கட்டிய இடத்தில் மிச்சம் கிடந்த கருங்கல் ஒன்றை எடுத்துப் பின் சீட்டுக்கு அடியில் போட்டு வைத்தேன். ஒரு முழத் தேங்காய் அளவு இருக்கும். மறந்து எங்கேயாவது விட்டுவிட்டால் வேறு கல்! ஊரில் கல்லுக்கா பஞ்சம்?

போன ஐப்பசியில் நானும் என் மனைவியும் கிரிவலம் போனோம். உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும், நாங்கள் பௌர்ணமிக் கூட்டத்தில் போவதில்லை. ஒரு சாதாரண நாளில், விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பினோம். பதினான்கு கிலோமீட்டர். செருப்பு இல்லாமல்தான் நடப்போம், இது முப்பது வருஷப் பழக்கம். ஆதி அண்ணாமலையைத் தாண்டி ஒரு மரத்து நிழலில் தெரு விளக்கு விழாத இடம். முன்னால் போன மனைவி "அம்மா" என்று உட்கார்ந்துவிட்டாள். டார்ச் அடித்துப் பார்த்தேன். தார் ரோட்டின் ஓரத்தில் பாதிச் செங்கல் அளவில் ஒரு கருங்கல். ஒரு பக்கத்தில் டயர் தேய்ந்த கறுப்பு. மண்ணில் டயர் தடமும் இருந்தது. யாரோ நிறுத்தி, முட்டுக் கொடுத்து, எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அவள் வலது கால் பெருவிரல் நகம் பாதி பெயர்ந்திருந்தது. பதினைந்து வருஷமாகச் சர்க்கரை இருக்கிற உடம்பு. நம் வயதுக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. பதினொரு வாரம் டிரெஸ்ஸிங். நடுவில் விரல் நுனி கறுத்தபோது டாக்டர் முகம் போன போக்கைப் பார்த்து இரண்டு ராத்திரி நான் தூங்கவில்லை. விரல் தப்பியது. ஆனால் இப்போதும் அவள் வாசல் தெளித்துக் கோலம் போடும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நிற்கிறாள்.

அந்தப் பதினொரு வாரத்தில் ஒருநாள் ஆட்டோவில் போகும்போது அவள் சாதாரணமாகக் கேட்டாள்: "ஏங்க, நம்ம கல்லை எங்கெல்லாம் விட்டுட்டு வந்திருக்கோம்?"

எனக்கு பதில் சொல்ல வாய் வரவில்லை. கணக்குப் பார்த்தால் எட்டுப் பத்து இருக்கும். செங்கம் ரோட்டில் ஒன்று, ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் போனபோது வளைவில் ஒன்று, போளூரில் கல்யாண மண்டபத்து வாசலில் ஒன்று. அதில் எது யார் காலைப் பார்த்ததோ.

அடுத்த நாளே மெக்கானிக்கிடம் போனேன். அங்கே ஆரம்பித்தது அடுத்த கதை. முதலில் போன இடத்தில் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சார், இது இருபது வருஷத்து வண்டி. ஹேண்ட் பிரேக்கெல்லாம் யாரு சார் போடறாங்க? கியர்ல போட்டுட்டுப் போங்க" என்றார். வண்டிக்கு வயதானால் பிரேக் தேவையில்லை என்பது எனக்குப் புதுச் செய்தி. மனிதனுக்கு வயதானால் பல் செட் வைக்கிறோமே ஐயா, சோற்றையா நிறுத்திவிடுகிறோம்?

இந்த 'கியரில் போட்டால் போதும்' என்ற பேச்சை முதலில் பார்த்துவிடுவோம். கியரில் போட்டு நிறுத்தும்போது வண்டியைப் பிடித்து வைப்பது சிலிண்டருக்குள் அடைபட்ட காற்று. தேய்ந்த எஞ்சினில் அந்தக் காற்று மெதுவாகக் கசியும். வண்டி அரை அடி நகரும், அடுத்த சிலிண்டரின் அழுத்தத்தில் நிற்கும், மறுபடி கசியும். சரிவில் கியரில் விட்டுப்போன வண்டி திரும்பி வரும்போது ஒரு சாண் தள்ளி நிற்பதைப் பார்த்தவர்கள் உண்டு. அதைவிட மோசம், கியர் லீவர் ஒரு கை தட்டினால் நியூட்ரலுக்கு வந்துவிடும். வண்டியில் உட்கார்ந்து 'பாம் பாம்' என்று டிரைவர் விளையாட்டு விளையாடாத பேரக்குழந்தை எந்த வீட்டில் இருக்கிறது? கியரில் போடுவது தப்பில்லை, போடத்தான் வேண்டும். மேடு பார்த்து நின்றால் முதல் கியர், பள்ளம் பார்த்து நின்றால் ரிவர்ஸ். ஆனால் அது ஹேண்ட் பிரேக்குக்குத் துணை. அதன் இடத்தில் உட்காரக்கூடியது இல்லை.

இரண்டாவது மெக்கானிக் நல்ல மனிதர். பத்தே நிமிஷத்தில் வேலையை முடித்துவிட்டார். லீவருக்கு அருகில் இருக்கும் நட்டை ஸ்பேனர் போட்டுக் கேபிளை இறுக்கினார். லீவர் நாலு பல்லில் பிடித்தது. நூறு ரூபாய். "ஓகே சார்."

இந்த வைத்தியம் எனக்குப் பழக்கமானதுதான். 2023-இல் ஆர்.சி. புதுப்பிக்கப் போனபோதும் முதல் நாள் இப்படித்தான் இறுக்கிக்கொண்டு போனேன். ஆய்வில் பிடித்தது, மூன்று வாரத்தில் விட்டது. பதினைந்து வருஷம் தாண்டிய சொந்த வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை அந்தச் சடங்கு. ஆய்வு செய்தவர்மேல் எனக்குக் குறை இல்லை. ஏமாற்றியது நான். பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி மனப்பாடம் செய்த பையன் மாதிரி என் வண்டியும் பாஸாகிவிட்டது.

கேபிளை இறுக்குவதை ரிப்பேர் என்று சொல்வதைத்தான் நான் எதிர்க்கிறேன். ஏன் என்று சொல்கிறேன். ஹேண்ட் பிரேக் என்பது லீவரில் இல்லை. அது பின் சக்கரத்து டிரம்முக்குள் இருக்கிறது. லீவர் கேபிளை இழுக்கிறது, கேபிள் டிரம்முக்குள் இருக்கும் ஒரு சின்ன நெம்புகோலை இழுக்கிறது, அது இரண்டு பிரேக் ஷூவையும் விரித்து டிரம்மில் அழுத்துகிறது. ஷூ தேய்ந்தால், அழுக்கேறிப் பளபளத்தால், எண்ணெய் பட்டால் பிடிக்காது. கேபிளை இறுக்கினால் என்ன ஆகும்? ஷூ எப்போதும் பாதி விரிந்த நிலையிலேயே நிற்கும். சில நேரம் ஓடும்போதே உரசிச் சூடாகும். ஷூ தேயத் தேயத் தானாக நெருக்கிக் கொடுக்கும் அட்ஜஸ்டர் உள்ளே இருந்தால், கேபிள் இழுத்துப் பிடித்திருப்பதால் அதுவும் வேலை செய்யாமல் போகும். ஆக, நூறு ரூபாய் கொடுத்து நோயை மறைத்து வைக்கிறோம். காய்ச்சலுக்கு மருந்து கேட்டால் தெர்மாமீட்டரைக் குளிர்ந்த தண்ணீரில் முக்கிக் காட்டுகிற கதை.

மூன்றாவதாக ஒரு வயதான மெக்கானிக் கிடைத்தார். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் லீவர் பக்கமே போகவில்லை. "ரெண்டு டிரம்மையும் கழட்டணும். அரை நாள் ஆகும். உக்காருவீங்களா?" என்றார். ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். ரிட்டையர் ஆனவனுக்கு அரை நாள் ஒரு விஷயமா?

இடது டிரம் துருவேறி வர மறுத்தது. சுற்றிச் சுற்றித் தட்டி எடுத்தார். உள்ளே அட்ஜஸ்டர் பல் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. எத்தனை வருஷமாக நெருங்கவில்லையோ! ஷூவின் லைனிங் ஒரு தீக்குச்சி கனம்கூட இல்லை. வலது பக்கம் இன்னும் மோசம். திறந்ததும் கியர் ஆயில் வாடை. அச்சின் ஆயில் சீல் போய், எண்ணெய் கசிந்து, ஷூ இரண்டும் ஊறுகாய் மாதிரி ஊறிக் கிடந்தன. "இதுல எத்தன கேபிள் இறுக்கினாலும் எப்படி சார் புடிக்கும்? வழுக்கத்தான் செய்யும்" என்றார். கேபிளை உறையிலிருந்து இழுத்துப் பார்த்தார். நடுவில் துரு, இரண்டு இழை அறுந்திருந்தது.

எனக்கு அப்போதுதான் இன்னொரு விஷயம் உறைத்தது. அந்த வலது சக்கரத்தில் ஹேண்ட் பிரேக் மட்டுமா இல்லை? கால் பிரேக்கும் அதே ஷூவைத்தானே அழுத்துகிறது! நான்கு வருஷமாக ஒரு பின் சக்கரத்தில் பிரேக் இல்லாமலேயே ஜவ்வாது மலை ஏறி இறங்கியிருக்கிறேன். ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை என்று வண்டி எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. நான் அதன் வாயில் கல்லை வைத்து அடைத்தேன்.

அங்கே வேலை கற்றுக்கொள்ளும் பையன் ஒருவன் எண்ணெய் ஊறிய ஷூவைப் பெட்ரோலில் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டிவிடலாம் என்றான். சில இடங்களில் தீ வைத்து எண்ணெயை எரிக்கிறார்கள் என்றும் கேள்வி. பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. லைனிங்குக்குள் இறங்கிய எண்ணெய் வெளியே வராது, சூடேறினால் மறுபடி கசியும். புது ஷூதான். அதுவும் ஒரு பக்கம் மட்டும் மாற்றக்கூடாது. ஒரு சக்கரம் பிடித்து மற்றது வழுக்கினால் வண்டி இழுக்கும். அதே பையன் டிரம்மில் இருந்த தூசியை வாயால் ஊதப் போனான். பெரியவர் ஒரு அதட்டல் போட்டார். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வருவதில்லை. ஈரத் துணியால் துடைக்க வைத்தார். உங்கள் மெக்கானிக் காற்றுக் குழாயால் பிரேக் தூசியை அடித்தால் நீங்கள் எழுந்து தள்ளிப் போங்கள், அவரையும் தடுங்கள்.

நாலு ஷூ, இரண்டு ஆயில் சீல், கேபிள், கூலி எல்லாம் சேர்த்து 2,640 ரூபாய். மனைவியின் விரலுக்குச் செலவானதில் ஒரு வாரப் பங்குகூட இல்லை. வேலை செய்த வரிசையையும் கவனித்தேன். முதலில் கேபிளை முழுக்கத் தளர்த்தினார். டிரம்முக்குள் ஷூவை நெருக்கி வைத்து, சக்கரம் லேசாக உரசிச் சுற்றும்படி செய்தார். கால் பிரேக்கைப் பல தடவை மிதிக்கச் சொன்னார். கடைசியில்தான் கேபிள் நட்டுக்கு வந்தார். நூறு ரூபாய்க்காரர் தொடங்கிய இடத்தில் இவர் முடித்தார்.

பிறகு சரிவில் கொண்டுபோய் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, காலை எடுக்கச் சொன்னார். கை தானாகப் பின் சீட்டுக்கடியில் இருந்த கல்லைத் தேடியது. வண்டி அசையவில்லை.

இதைச் சாயங்காலம் பெஞ்சில் சொன்னபோது வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் சட்டம் பேசினார். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 126. டிரைவர் சீட்டில் ஆள் இல்லாமல் பொது இடத்தில் வண்டியை விடுவதென்றால், எஞ்சினை நிறுத்தி பிரேக் போட வேண்டும், அல்லது வண்டி தானாக நகராதபடி வேறு ஏற்பாடு செய்ய வேண்டும். "அந்த வேறு ஏற்பாடுதான் ஐயா கல்!" என்றார். பெஞ்சில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அடுத்த வருஷமே வந்த 1989 மோட்டார் வாகன விதிகளில் 96-ஆவது விதி, கார் வேன் எல்லாவற்றுக்கும் ஒன்றையொன்று நம்பாத இரண்டு பிரேக் ஏற்பாடு இருக்க வேண்டும், அவை ஒழுங்காக வேலை செய்ய வேண்டும் என்கிறது. கால் பிரேக் ஒன்று, நிறுத்தி வைக்கும் பிரேக் இன்னொன்று. கால் பிரேக் எண்ணெயில் இயங்குவது. குழாய் உடைந்து எண்ணெய் ஒழுகிவிட்டால் மிச்சம் இருப்பது கம்பியால் இழுக்கும் இந்த ஒன்றுதான். அந்த நேரத்தில் ஓடும் வண்டிக்கு எந்தக் கல்லைக் கொண்டுபோய் எங்கே வைப்பீர்கள்?

நண்பர் விடவில்லை. "தேருக்கே கட்டைதானே போடறோம்?" என்றார்.

நல்ல கேள்வி. நம் ஊர்க்காரன் கேட்க வேண்டிய கேள்வி. கார்த்திகை தீபத் திருவிழாவில் ஏழாம் நாள் தேரோட்டத்தைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். வடம் இழுக்கிறவர்களை எல்லோரும் பார்ப்பார்கள். நான் பார்ப்பது சக்கரத்துக்குப் பக்கத்திலேயே முட்டுக்கட்டையோடு குனிந்தபடி ஓடுகிறவர்களை. அவ்வளவு பெரிய தேர் நிற்பதும் திரும்புவதும் அவர்கள் கையில். ஒரு விநாடி பிந்தினால் கை போய்விடும். பேச்சு வழக்கில் 'முட்டுக்கட்டை போடுகிறான்' என்று திட்டுகிறோம், தேர் வீதியில் அவன் போடாவிட்டால் நாம் இல்லை. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. அதன் பிறகும் அங்கே கட்டை போடுகிறவர்கள் வேலையில்தான் இருக்கிறார்கள். பிரேக் இருக்கிறது என்று கட்டையையும் விடவில்லை, கட்டை இருக்கிறது என்று பிரேக்கையும் விடவில்லை.

இன்னொன்றையும் நண்பரிடம் சொன்னேன். தேர் நகர்ந்ததும் அந்த ஆட்கள் முதலில் செய்வது என்ன தெரியுமா? கட்டையை எடுப்பது. பின்னால் ஆயிரம் வெறுங்கால்கள் வருகின்றன என்பது அவர்களுக்குத் தெரியும். தேர் போன வீதியில் ஒரு கட்டை கிடந்து நான் பார்த்ததில்லை. நாமோ ஆறு பேர் உட்காரும் வேனுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, கல்லை அடுத்தவன் காலுக்கு விட்டுப்போகிறோம்.

ஹேண்ட் பிரேக் போட்டால் மழைக்காலத்தில் ஷூ டிரம்மில் ஒட்டிக்கொள்கிறதே என்பார்கள். உண்மைதான். வண்டியை ஒரு வாரம் பத்து நாள் எடுக்கப்போவதில்லை என்றால், வீட்டுக்குள் சமதளத்தில் ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விடுங்கள். அங்கே மரக்கட்டை வையுங்கள், யார் கேட்கப்போகிறார்கள்? நான் சொல்வது ரோட்டில் நிறுத்துகிற வண்டியை. அங்கேயும் சுமையோடு செங்குத்தான மேட்டில் நின்றாலோ டயர் மாற்றினாலோ கட்டை வைக்கத்தான் வேண்டும். ஆனால் அது உங்கள் கட்டையாக இருக்கட்டும். ஒரு கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையைக் கதவுக் கைப்பிடியில் மாட்டுங்கள். மறந்து விட்டுப்போக முடியாது. இதை ஒரு லாரி டிரைவரிடம் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

என் கருங்கல்லை நான் தூக்கி எறியவில்லை. எறிந்தால் அதுவும் எங்காவது ரோட்டுக்குத்தான் போகும். துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் வாளி ஆடாமல் இருக்க முட்டாக வைத்திருக்கிறாள் என் மனைவி.

நேற்று காலை எதிர் வீட்டுத் தம்பியின் வேன் பின் சக்கரத்தில் ஒரு செங்கல் இருந்தது. கூப்பிட்டுக் கேட்டேன். "ஹேண்ட் பிரேக் சரி பண்ணிட்டேன் சார், கேபிள் டைட் வெச்சாச்சு" என்றார். டிரம்மைத் திறந்தார்களா என்று கேட்டேன். திறக்கவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை பெரியவரிடம் அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். அதுவரைக்கும் செங்கல்லில் கட்டிக்கொள்ள என் மனைவி ஒரு கொடிக்கயிறு கொடுத்தனுப்பினாள்.